பட்டைக் குளம்

துறைமுகத்தில் இறக்குகிற மரங்களைக் கழுவும் தண்ணீரெல்லாம் ஒரே குளத்தில்தான் வந்து சேரும். உரிந்த பட்டையும் அதோடு வரும். அது மிதந்து, ஊறி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மேலே கனமாகப் படிந்துவிடும். போதாக்குறைக்கு அதில் புல்லும் முளைத்துத் தொலைக்கும். மழை பெய்து ஓய்ந்தால் எது தரை, எது குளம் என்று சத்தியமாகத் தெரியாது. பட்டை வாருகிறவர்கள் கொக்கிக்கோலால் ஒரு குத்து குத்திப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார்கள். கோல் இறங்கினால் குளம், இறங்காவிட்டால் தரை.

அவள் கரையோரம் வாரிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் குளத்து நடுவில் குமிழி விடுகிற இடத்திலேயே இருந்தது. போன மழையில் இந்தப் பக்கம் பட்டை வார வந்த அவள் புருஷன் வீடு திரும்பவில்லை. கோல் மட்டும் பட்டைமேல் கிடந்தது. பொண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு எங்கோ ஓடிவிட்டான் என்று ஆபீஸில் கதையை முடித்தார்கள். குளத்தை இறைத்துப் பாருங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

இன்று பம்பு ஓடி, குளத்துத் தண்ணீரைக் கடலுக்கு இறைத்தது. சுற்றுச்சூழல் சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்களாம். பம்பை ஓட்டியவன் அவள் கொழுந்தன்.

"அண்ணி, அங்கயே பாக்காதீங்க. பட்டை அழுகுனா குமிழி வரத்தான் செய்யும்."

"உங்க அண்ணன் மூச்சு விடற மாதிரி இருக்கு தம்பி."

"அவரு மூச்சு இவ்ளோ சின்னதாவா வரும்? குறட்டைக்கே வீடு அதிரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

தண்ணீர் இறங்க இறங்கப் பட்டையும் தொய்ந்து கிழிந்தது. நடுவில் மஞ்சளாக ஏதோ ஒரு நுனி தெரிந்தது. காணாமல் போன அன்று புருஷன் மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு போயிருந்தான்.

அதற்குள் மேஸ்திரி கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"நிறுத்துடா பம்பை! கடல் பூரா கறுத்துக் கிடக்கு. வர்றவங்க கண்ணுல பட்டா தொலைஞ்சோம்."

"ஐயா, அதோ மஞ்சளா... அவரு கோட்டுங்கய்யா."

மேஸ்திரி பார்த்தார்.

"இங்க எல்லாருக்கும் மஞ்சள் கோட்டுதாம்மா குடுத்திருக்கு."

"இன்னும் ஒரு முழம் இறங்குனா தெரிஞ்சிடும் சார்," என்றான் கொழுந்தன்.

"உனக்கும் வேலை வேணாமா?"

கொழுந்தன் அண்ணி முகத்தைப் பார்க்காமல் பம்பை நிறுத்தினான். அவள் கோலை வீசி எட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. பட்டைமேல் காலை வைக்கப் போனவளைக் கையைப் பிடித்து இழுத்தான்.

"வீட்ல பிள்ளை இருக்கு அண்ணி."

சாயங்காலத்துக்குள் லாரிகள் வரிசைகட்டி வந்து மண்ணைக் கொட்டின. அவள் தொண்டை கட்டும்வரை கத்தினாள். கடைசியில் மஞ்சளும் மறைந்தது. அதன்மேல் புல் பத்தைகளைப் பதித்து, தண்ணீர் ஊற்றும் வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். பாவம், கஷ்டப்படுகிறவள் என்று ஆபீஸில் சொன்னார்களாம்.

அதிகாரிகள் வந்தார்கள். கடல் தெளிவாக இருந்தது. தோட்டம் பிரமாதம் என்றார்கள்.

"போட்டோ எடுக்கறாங்க, நீயும் நடுவுல வந்து நில்லும்மா," என்று மேஸ்திரி கூப்பிட்டார்.

அவள் ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கொக்கிக்கோலை எடுத்தாள். புல்லின்மேல் ஒரு குத்து குத்தினாள். அதிகாரிகள் சிரித்தார்கள். ஓர் அடி வைத்து மறுபடி குத்தினாள். இப்படியே நடுவரைக்கும் போனாள்.

அங்கே இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் குத்தினாள். கோல் இறங்கவில்லை.