துணிக்கொடிக்கு நேரே நின்ற பீரங்கி

1

எங்கள் தீவில் துறைமுகத்தோரம் எல்லா வீட்டுச் சுவரிலும் 1866-ல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் இங்கே போட்ட கடற்சண்டையில் பட்ட குண்டுக் காயம் ஒன்று உண்டு. வந்தவர் போனவருக்கெல்லாம் தொட்டுக் காட்டுவோம். மேட்டு வீட்டுச் சுவரில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த வீட்டார் இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறார்கள். ஏன் இல்லை என்று ஊரெல்லாம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. தெரியாத விஷயம் என்பதால் தைரியமாக எழுத உட்கார்ந்தேன்.

'ஏட்ரியாடிக் கடலில் கரும்புகை எழுந்தபோது வீரர்களின் நெஞ்சில்...'

(இந்த வரியை அடித்துவிட்டேன். நெஞ்சில் ஒன்றும் எழவில்லை. வியர்வை வழிந்தது, அவ்வளவுதான்.)

2

யெர்கோ ஆஸ்திரியக் கப்பற்படையில் பீரங்கிக்காரன், எங்கள் தீவுக்காரன். அவனுடைய கப்பலுக்கு வெளியெல்லாம் இரும்புத் தகடு. அரசாங்கம் வைத்த பெயர் வேறு. மாலுமிகள் வைத்த பெயர் பேக்கா, அதாவது ஆட்டுக்கறியின் மேல் கவிழ்த்து நெருப்பு அள்ளிப் போடும் இரும்பு மூடி. ஜூலை வெயிலில் உள்ளே இருந்தவர்களுக்கு அந்தப் பெயரில் குறை தெரியவில்லை.

எதிரே இத்தாலியர்களின் இரும்புக் கப்பல். மரக்கப்பல் காலத்தில் குண்டு பட்டால் உள்ளே போகும்; மத்தியானத்துக்குள் யார் செத்தார்கள், யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துவிடும். இப்போது குண்டு 'டங்' என்று பட்டு, வேறு வேலை இருப்பதுபோல் வேறெங்கோ போனது. காலையிலிருந்து இரண்டு கப்பலும் மாறி மாறி அடித்துக்கொண்டதில் மொத்தச் சேதம்: ஒரு புகைபோக்கி, ஒரு சூப்புப் பானை.

3

காற்று புகையை விலக்கியபோது குண்டு நிரப்பும் ஷ்பிரோ எட்டிப் பார்த்தான். அவன் யெர்கோவின் மச்சினன்.

"அத்தான், அக்கா துணி காயப்போடுது."

"எங்கடா?"

"அந்தக் கப்பலுக்குப் பின்னாடி, மேட்டுல. ஒங்க கால்சட்டைதான், ரெண்டு."

யெர்கோவின் மனைவி பெரினா நிறைமாதம். ஊரே மலைக்கு ஓடியபோது, "ஈரத் துணியப் போட்டுட்டு எங்க ஓடறது?" என்று நின்றுவிட்டவள். (இவளை நான் நம்பவில்லை. மூன்று முறை மலைக்கு அனுப்பினேன். மூன்று முறையும் கூடையோடு திரும்பி வந்துவிட்டாள்.)

"இப்ப சுட்டா?" என்றான் ஷ்பிரோ.

"பட்டா தெறிச்சு மேட்டுக்குப் போவும். படலன்னா நேரா மேட்டுக்குப் போவும்."

"எப்படியும் அக்கா தலையிலதான்னு சொல்லுங்க."

மேலேயிருந்து கேப்டன் ராட்லர் கத்தினார்: "சுடுடா!"

"ஷ்பிரோ, வெடிமருந்த மட்டும் போடு."

"குண்டு?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

4

சுட்டார்கள். நல்ல சத்தம், நல்ல புகை. (குண்டில்லாத பீரங்கி அவ்வளவாகப் பின்னுக்கு உதைக்காது என்று விவரம் தெரிந்தவர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். யெர்கோவுக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு தடவையும் அவனே 'ஹுக்' என்று பின்னால் துள்ளினான்.) போடாத குண்டுகளை ஷ்பிரோ படுதாவால் மூடினான்.

இப்படியே நாற்பது முறை. எதிரிக் கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. குண்டு போட்டபோதும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கேப்டன் கீழே இறங்கி வந்தார்.

"சபாஷ் யெர்கோ! ஒண்ணுகூடத் தண்ணில விழல! ஒனக்குப் பதக்கம் உண்டு."

"ஐயோ, வேண்டாங்கய்யா."

"ஆனா இத்தன அடி நேரா வாங்கியும் அவன் அசையலையே. இனிமே பீரங்கி எதுக்கு? மூக்கால முட்டித் தள்ளுங்கடா!"

5

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதினேன்.

பேக்காவின் மூக்கு தண்ணீருக்கடியில் இருந்தது, இரும்பாலானது. அது எதிரியின் விலாவில் இறங்கி வெளியே வந்தது. காலையெல்லாம் அவர்களைக் காப்பாற்றிய இரும்பே அவர்களைக் கீழே இழுத்தது. மூன்று நிமிடம். நானூறு பேர்.

மறைத்துக்கொண்டிருந்த கப்பல் போனதும் யெர்கோவுக்கு வீடு நன்றாகத் தெரிந்தது. கொடியில் இரண்டு கால்சட்டைகளும் அப்படியே இருந்தன. பெரினாவைத்தான் காணோம்.

6

முடிவு (அ): அவள் பிரசவ வலியில் உள்ளே போயிருந்தாள், பிள்ளைக்கு... (சினிமாத்தனம்.)

முடிவு (ஆ): தப்பிய இத்தாலியப் பீரங்கிக்காரன், "நாங்களும் குண்டில்லாமத்தான் சுட்டோம்" என்கிறான். (அழகாக இருக்கிறது, அதனாலேயே பொய். அடுத்த வீட்டுச் சுவர்களைப் பாருங்கள், அவற்றில் இத்தாலியக் குண்டும் உண்டு.)

அவள் கரைக்குப் போயிருந்தாள், தப்பி நீந்தி வந்தவர்களுக்குக் கைகொடுக்க. மறுநாள் யெர்கோ வீடேறியபோது கொடி முழுக்க முன்பின் பார்க்காத சட்டைகள். அடுப்பருகே அவனுடைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு ஓர் இத்தாலியன் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தான். யெர்கோவின் சட்டையில் பதக்கம் தொங்கியது.

பெரினா பதக்கத்தைப் பார்த்தாள். "நம்ம வீட்டுக்கு நேரா நின்ன பீரங்கி ஒன்னோடதா?"

"ஆமா."

"எத்தன குண்டுய்யா போட்ட?"

இத்தாலியன் கரண்டியைக் கீழே வைத்தான்.

நாற்பது என்றால் அவளையும் வயிற்றுப் பிள்ளையையும் பார்த்துச் சுட்டவன் ஆவான். ஒன்றுமில்லை என்றால், கேப்டன் பீரங்கியின் மேல் நம்பிக்கை இழந்து முட்டச் சொன்னதும் நானூறு பேர் மூழ்கியதும் எதனால் என்று அடுப்பருகே இருப்பவன் கேட்பான். குண்டு போட்டிருந்தாலும் அந்தக் கப்பல் அசைந்திருக்காது, கேப்டன் முட்டத்தான் சொல்லியிருப்பார் என்று யெர்கோவுக்கு நான் சொல்லிப் பார்த்தேன். அவன் என்னை நம்பவில்லை. எனக்கும் நிச்சயமில்லை.

'யெர்கோ சொன்னான்: "...'

வாசலிலேயே நிற்கிறான். சூப்பு ஆறுகிறது. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அடுப்பருகே இருப்பவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.