ஒழுகின பந்தல்

இசக்கிமுத்து போட்ட பந்தல் எதுவும் இதுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. ஸ்ரீவராகத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் ரேஷ்மி டீச்சர், "எங்க பள்ளிப் பிள்ளைங்களோட ஒரு வருசமா வீடியோவில பேசிப் பழகின லண்டன் யூதப் பள்ளிப் பிள்ளைங்க வராங்க, அவங்க சுக்கோத் பண்டிகைக்கு ஓலைக்குடில் வேணும்" என்றதும், தென்னங்கிடுகை மூன்றடுக்காக வேய்ந்துவிட்டார். ஐப்பசி மழையை நம்ப முடியுமா?

வந்திறங்கிய பிள்ளைகளில் மிரியம் என்ற பெண் அண்ணாந்து பார்த்தாள். டீச்சரிடம் தயங்கித் தயங்கி ஏதோ சொன்னாள்.

"கூரை வழியா நட்சத்திரம் தெரியணுமாம் அண்ணாச்சி. இவ்வளவு அடைச்சா அவங்க முறைப்படி செல்லாதாம்."

"ஓட்டைப் பந்தல் போட நான் எதுக்கு?"

முறைத்தாலும் ஏணியில் ஏறினார். இரு பள்ளிகளின் பிள்ளைகளும் கீழே நின்று "இன்னும், இன்னும்" என்று கைகாட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு கிடுகுகளை உருவினார்.

சாயங்காலம் நிலா தெரிந்தது. பாட்டு முடிந்து இலையில் சோறு விழுந்த நேரம் பார்த்துப் பொசுக்கென்று தூறல். இசக்கிமுத்து தலையில் கைவைத்தார். பிள்ளைகளோ கைதட்டினார்கள். மிரியம் நமுத்த பப்படத்தை உயர்த்தி, தோழிகள் சொல்லிக்கொடுத்தபடி, "நல்ல பந்தல், அண்ணாச்சி!" என்று கத்தினாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அடுத்த தடவையும் நானே போடுதேன். ஆனா நம்ம தெருவுல மட்டும் மூச்சு விட்டுராதீங்க."