உள்ளங்காலில் பூசிய சிமென்ட்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மலையாளம் பேசும் கழக்கூட்டம் ஊர் டீக்கடையில் ஆட்களைச் சிரிக்கவைக்க நான் பல வருஷமாகச் சொல்லிவந்த கதை இது. தொடங்கியபோது ஆணி இரண்டரை அங்குலம். போன மாதம் ஏழு. விட்டிருந்தால் தண்டவாளமாகியிருக்கும். எழுத்தில் அளவு தப்பக்கூடாதென்று மறுபடியும் இரண்டரைக்கு வெட்டியிருக்கிறேன்.

2

'இரண்டாயிரத்தொன்றில் கழக்கூட்டத்தில் வானைத் தொடும் கம்ப்யூட்டர் கட்டிடம் ஒன்று எழும்பிக்கொண்டு...'

வேண்டாம். நாலு மாடிதான். வானத்துக்கு அதன்மேல் எந்தப் புகாரும் இல்லை.

வள்ளியூர் உச்சிமாகாளி மூன்றாம் மாடியில் சென்ட்ரிங் பலகை பிரித்துக்கொண்டிருந்தான். கீழே கிடந்த பலகையில் நிமிர்ந்து நின்ற ஆணி, நீல ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது. கொத்தனார் நேசையன் ஓடிவந்தான். ஒழுகும் தொட்டியோ விரிசல்விட்ட சுவரோ, எதையும் அடைத்துவிடுவான் என்று பேர் வாங்கியவன்.

"காலை ஆட்டாம, அனங்காத இருலே மாகாளி."

ஒரே இழுப்பு. ஒரு சொட்டு ரத்தம். துளை கடுகளவு.

"இவ்வளவுதானா? இதுக்கா அம்மையக் கூப்பிட்டே?"

மணல் சேர்க்காத சிமென்டைக் குழைத்து, கட்டைவிரலால் அடைத்து, கரண்டியால் தேய்த்துவிட்டான். [இதில் மிகை இல்லை. நைசாகவே தேய்த்தான்.]

"மூணு நாளு ரெண்டு நேரமும் தண்ணி ஊத்தணும், கேட்டியா? இல்லாட்டி பூச்சு வெடிச்சிரும்."

டீக்கடையில் கதை இங்கே முடியும். எல்லாரும் சிரிப்பார்கள்.

3

(ஓரக்குறிப்பு. ஆணிக்காயத்துக்கு வெளியே தெரிவது கொஞ்சம். உள்ளே போனது எவ்வளவென்று தெரியாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். இறுக அடைக்காமல் சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டிடி என்கிற தனுர்வாத ஊசி பற்றிக் கேட்க வேண்டும். ஆழமாகக் குத்தி நிற்பதை நாமே பிடுங்கக்கூடாது. நேசையன் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தான். அதுவும் பிரியத்தோடு.)

4

நான்காம் நாள் கால் சக்கைப்பழம்போல வீங்கி... இல்லை. செருப்பு நுழையவில்லை, அது போதும். நேசையன்தான் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனான். பூச்சைப் பார்த்த நர்ஸ் விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

"ஆரா இது செய்தே?"

"ஞான்தன்னே, சிஸ்டர். மணலே சேக்கல்ல. நல்ல கெட்டி."

டாக்டர் பெயர்த்தெடுத்தார். சீழ். சீழுக்குள் நீலமாக ஒரு துண்டு ரப்பர். செருப்பில் ஓட்டை விழுந்த இடத்து ரப்பர் எங்கே போனதென்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. நேசையன் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆயிரம் சுவர் எழுப்பியவன். ஒரு சுவர் அவனைத் தாங்கியது அன்றுதான்.

"காலு கிட்டுமோன்னு நாளெ பறயாம்" என்று டாக்டர் போய்விட்டார். கால் மிஞ்சுமா என்பதற்கு நாளைக்குத்தான் பதில்.

கட்டிலில் கிடந்த உச்சிமாகாளி நேசையன் கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, ரெண்டாம் நாளு சாயந்திரம் தண்ணி ஊத்த மறந்துட்டேன். அதான் இப்பிடி ஆயிட்டோ?"

5

முடிவு ஒன்று: கால் பிழைக்கிறது, உச்சிமாகாளி டீக்கடையில் தன் கதையைத் தானே...

முடிவு இரண்டு: கணுக்காலுக்குக் கீழே...

இரண்டுமே நகரவில்லை. அதற்கு முன்னால் நேசையன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏழு தடவை எழுதினேன். ஏழும் நைசாக வந்தன. அடித்துவிட்டேன்.

இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். என் கைக்கு இன்னும் பூச்சுவேலைதான் வருகிறது.

நேசையன் வாயைத் திறந்தான்.

"மாகாளி,