மிதந்த முட்டைகள்

யார் மேலாவது சந்தேகம் இல்லாவிட்டால் அக்சிலியா டீச்சருக்குச் சோறு இறங்காது. சேலத்தில் இருந்தவரை அது பால்காரர் மேல் இருந்தது. ஜேடர்பாளையம் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் டீச்சராக மாற்றலாகி வந்த பிறகு, சத்துணவு சமைக்கும் செல்லியம்மாள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

காரணம் ஒரு துணிப்பை. காலையில் சுருட்டிக் கக்கத்தில் வருகிற பை, சாயங்காலம் புடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். போதாக்குறைக்கு ஏழாம் வகுப்பு சௌந்தர்யா ஒரு நாள், தன் முட்டை நாறியது என்று சொல்லிவிட்டாள். நல்ல முட்டை பையில் போகிறது, பண்ணையில் கழித்துப்போட்ட பழசு பிள்ளைகள் தட்டில் விழுகிறது என்று அக்சிலியா மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். இனி வேண்டியது சாட்சி மட்டும்தான்.

சாட்சியைப் பாடமே கொண்டுவந்து கொடுத்தது. 'பொருள்களின் பண்புகள்' பாடம் நடந்துகொண்டிருந்தது. நிறம், மணம், அடர்த்தி எல்லாம் பொருளை வேறொன்றாக மாற்றாமலே கண்டுகொள்ளும் இயற்பியல் பண்புகள். எரிவதும் துருப்பிடிப்பதும் வேதியியல் பண்புகள். முந்தின நாள்தான் அழுக்குக் கல்லுப்பை ஒரு வாளித் தண்ணீரில் இனிக் கரையாது என்கிறவரை கரைத்து, துணியில் வடிகட்டி, பளிங்கு போலத் தெளியவைத்துக் காட்டியிருந்தாள். 'தெளிவாக இருப்பதெல்லாம் தண்ணீர் இல்லை' என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியதும் அவள்தான். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுக்கலாம் என்று வாளியை ஆய்வக மேசைக்கடியில் வைக்கச் சொன்னதும் அவள்தான்.

அன்று காலை சமையலறைக்குப் போய், அவிக்க எடுத்துவைத்த அட்டையிலிருந்து நாலைந்து முட்டை கேட்டாள். செல்லியம்மாள் எதற்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். கேட்காததும் அக்சிலியாவுக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முட்டையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதி வீடுகளில் யாராவது கோழிப்பண்ணை வேலைக்குப் போகிறவர்கள். புது முட்டை தண்ணீரில் மூழ்கும். நாள்பட உள்ளே காற்று சேர்ந்து மிதக்கும். அக்சிலியா மேசைக்கடியில் கைவிட்டு, கைக்கு அகப்பட்ட நீல வாளியை இழுத்து மேலே வைத்தாள். வைத்த வேகத்தில் கொஞ்சம் தளும்பிக் கொட்டியது. போட்ட முட்டை ஒவ்வொன்றும் தக்கை மாதிரி மேலே வந்து நின்றது. அத்தனையும் பழசு என்று வகுப்பே சொன்னது. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

முட்டைகளை அப்படியே ஈரத்தோடு எடுத்து ஒரு தட்டில் வைத்துவிட்டு, தலைமையாசிரியர் மணிமாறனிடம் போய் நின்றாள். செல்லியம்மாளைக் கூப்பிட்டு விட்டார்கள். பையைக் கொட்டச் சொன்னதும் அந்தம்மா மறுபேச்சில்லாமல் கொட்டினார். விழுந்தது அத்தனையும் அப்போதுதான் அவித்து உரித்த முட்டை ஓடு. கறிவேப்பிலைச் செடிக்குப் போட எடுத்துப் போவதாகச் சொன்னார். இன்றைக்கு ஓடு, நேற்று என்னவோ என்றாள் அக்சிலியா. சந்தேகத்துக்கு மட்டும் பதில் பஞ்சமே கிடையாது.

செல்லியம்மாள் தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னார். "ஒண்ணே ஒண்ண ஒடைச்சுப் பாருங்க சார். நல்லதுன்னா கரு எந்திரிச்சு நிக்கும். கெட்டதுன்னா கலங்கிக் கெடக்கும். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாதுங்க."

சாட்சியை உடைக்கக் கூடாது, அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று அக்சிலியா குறுக்கே விழுந்தாள். ஒரு முட்டை உடைந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். மணிமாறனுக்கு வம்பு என்றால் ஆகாது. விசாரணை முடியும்வரை சமையலுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தம்மாவுக்கும், லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருக்கும் புருஷனுக்கும் சேர்த்து அந்த ஒரு வேலைதான் கஞ்சி ஊற்றியது. செல்லியம்மாள் தரையில் கிடந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மதியம் அக்சிலியா டிபன் பாக்ஸோடு ஆய்வகத்துக்கு வந்தாள். தட்டில் இருந்த முட்டைகள் வெள்ளை பூத்திருந்தன. செல்லியம்மாள் ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேறு பூசியிருக்கிறாரா என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் மேசையைப் பார்த்தாள். காலையில் தளும்பிக் கொட்டிய இடத்திலும் அதே வெள்ளை, காய்ந்து பொரிந்து கிடந்தது.

ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

மேசைக்கடியில் எட்டிப் பார்த்தாள். அதே நீல நிறத்தில் இன்னொரு வாளி நல்ல தண்ணீரோடு இருந்தது. அதில் முட்டைகளைப் போட்டாள். கல் போல அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. ஒன்றை எடுத்து உடைத்தாள். மஞ்சள் கரு எழுந்து நின்றது. டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, ஒளிக்கவில்லை. மணிமாறனிடம் போய்த் தப்பு தன்னுடையது என்றாள். பலகையில் இன்னும் அழியாமல் இருந்த தன் கொட்டை எழுத்துக்கு முன்னால் நின்று பிள்ளைகளிடமும் சொன்னாள். மணிமாறன் செல்லியம்மாளுக்குப் போன் போட்டு மறுநாள் வரச் சொன்னார். அதற்குள் பள்ளி முட்டை கெட்டது என்ற பேச்சு ஆற்றங்கரைவரை போயிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்பதற்கான வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்தாள். சமையலறை வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் முட்டை அட்டைகள். சுற்றிலும் பிள்ளைகள். செல்லியம்மாள் டம்ளரில் கொஞ்சம் மொண்டு குடித்துவிட்டு, இன்னொரு டம்ளரில் மொண்டு அக்சிலியாவிடம் நீட்டினார்.

"தண்ணிதானுங்க டீச்சர். நீங்களும் வாயில வெச்சுப் பாத்துக்குங்க. அப்பறமா முட்டையப் போடறேன்."

வேண்டாம் என்றாள் அக்சிலியா. நீட்டிய டம்ளர் நீட்டியபடியே இருந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக் குடித்தாள். வெறும் தண்ணீர்தான்.

செல்லியம்மாள் குந்தி உட்கார்ந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக வாளியில் விட்டு, அடியில் போய் நிற்கிறவரை பார்த்து எடுத்தார். போதும் என்று அக்சிலியா கையைப் பிடித்தாள். அந்தம்மா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு அடுத்த முட்டையை எடுத்தார்.