கிராக்கோவில் ஓர் அறை

ஜெர்மானியர்கள் எங்களை ரயிலேற்றிப் போலந்துக்கு அனுப்பப்போகிறார்கள், அங்கே கிராக்கோவில் கல்யாணமானவர்களுக்குத் தனி அறை கொடுப்பார்களாம் என்ற பேச்சு எங்கள் தெருவுக்கு வந்த வாரத்தில்தான் சபேதாய் என் சித்தப்பா மகள் ஜாமிலாவைக் கல்யாணம் செய்துகொண்டான்.

கிரேக்கத்தில் எங்கள் ஊரான சலோனிகாவின் புகையிலைக் கிடங்கில் நான் இலை தரம் பிரித்தேன், அவன் மூட்டை கட்டினான். மூன்று வருடம் வேலை முடிந்து ஒன்றாக நடந்து வந்திருக்கிறோம். வீட்டு வாசல்வரை வருவான், சித்தி கொடுக்கும் காபியைக் குடிப்பான், நெடுநேரம் உட்கார்ந்திருப்பான். எனக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். அப்பா அம்மா இல்லாத என்னைச் சித்திதான் வளர்த்தாள், அதனால் அவளிடம்தான் பெண் கேட்பான் என்றும் நினைத்தேன். கேட்டான். ஜாமிலாவைக் கேட்டான்.

யூதர்களான எங்களைச் சுற்றி ஜெர்மானியர்கள் அப்போதே வேலி போட்டிருந்தார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ரயில்கள் போக ஆரம்பித்திருந்தன. தினமும் பத்து, இருபது கல்யாணம் நடந்தது. ஜாமிலாவிடம் நல்ல துணி இல்லை. என் பட்டுச் சட்டையைக் கேட்டாள். கொடுத்தேன். யூதர்கள் எல்லாரும் அணிய வேண்டியிருந்த மஞ்சள் நட்சத்திரத்தையும் அதில் நானே தைத்தேன். ஊசி விரலில் குத்தியதற்குக்கூட அவள்மேல்தான் கோபம் வந்தது. எங்கள் மதகுரு ரப்பி ஐந்து ஜோடிகளை ஒரே விதானத்தின் கீழ் நிற்க வைத்து மந்திரம் சொன்னார். நான் சபேதாயின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் தெஸ்பினா வேலியோரம் வந்தாள். என்னோடு கிடங்கில் வேலை பார்த்த கிரேக்கப் பெண். அவள் அண்ணன் மலையில் போராளிகளோடு இருந்தான். மறுநாள் காலை அழுக்குத்துணி வண்டியில் என்னையும் இன்னொருவரையும் வெளியே கொண்டுபோக முடியும், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்றாள்.

நேராகச் சபேதாயிடம் போனேன். அவன் முற்றத்தில் விறகு உடைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லிவிட்டு, நீயும் நானும் போகலாம் என்றேன். அந்த மூன்று வார்த்தைகளை மூன்று வருடமாக மனதில் வைத்திருந்தேன்.

அவன் கோடரியைக் கீழே வைத்தான். "நல்ல சேதி பலோமா. ஜாமிலாவைக் கூட்டிட்டுப் போ. நான் சித்தியைப் பாத்துக்கறேன்."

"உன்னை வரச்சொல்லிக் கேக்கறேன்."

"தெரியுது," என்றான். அதற்குமேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜாமிலாவிடம் சொல்லாமலே இருந்துவிடலாமா என்று தெருவை இரண்டு முறை சுற்றினேன். கடைசியில் சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். சித்தியின் வீங்கிய கால்களைப் பற்றி முதலில் பேசினேன், அவள் மூத்திரத்துக்குக்கூடத் துணையில்லாமல் எழுந்திருக்க முடியாததைப் பேசினேன், அதன் பிறகுதான் வண்டியைப் பற்றிச் சொன்னேன்.

ஜாமிலா உள்ளே அம்மா படுத்திருந்த பக்கம் பார்த்தாள். "நான் எப்படிக்கா அம்மாவை விட்டுட்டு வர்றது? அவரைக் கூட்டிட்டுப் போயிடு. நான் பின்னாடி வர்றேன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவாரு."

அவன் அவளைக் கொடுத்தான், அவள் அவனைக் கொடுத்தாள். நடுவில் என்னைத் தூக்கிக்கொண்டு போகிற ஆளாக வைத்தார்கள். அந்தப் பொய்யை அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் லேசாகச் சிரித்து, "அவ சொல்லித் தந்தாளா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் வண்டியில் என் பக்கத்தில், பெயர்கூடத் தெரியாத ஒரு பல் வைத்தியர் படுத்திருந்தார்.

மலையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தேன். ரொட்டி சுட்டேன், காயம் கட்டினேன். மற்ற நேரமெல்லாம் கிராக்கோவில் அவர்கள் இருக்கும் அறையை நினைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு என்ன திரை போட்டிருப்பாள், அவன் வேலையிலிருந்து வந்ததும் எங்கே உட்காருவான், குழந்தை பிறந்திருக்குமா என்று. பனியில் கால் விறைத்துக் கிடந்தபோதும் அந்த அறையின் அடுப்பை நினைத்து வயிறெரிந்தேன்.

ஜெர்மானியர்கள் போனபின் ஊருக்கு வந்தேன். எங்கள் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அடுத்த கோடையில்தான் ரீனா திரும்பி வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண், அவர்களோடு அதே ரயில் பெட்டியில் போனவள். கையில் எண் குத்தியிருந்தது. கிராக்கோவுக்குப் போகவே இல்லை, அறையும் இல்லை, ரயில் கொலை முகாமுக்குத்தான் போனது என்றாள். இறங்கியதும் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் பிரித்தார்கள். நடக்க முடியாதவர்களை லாரியில் ஏற்றினார்கள். ஜாமிலாவை நடக்கச் சொன்னபோது, அம்மாவை விடமாட்டேன் என்று அவளும் ஏறிக்கொண்டாள். அந்த லாரியில் போனவர்களை அன்றைக்கே கொன்றார்கள். சபேதாய் குளிர்காலம்வரை உயிரோடு இருந்ததாகக் கேள்விப்பட்டாளாம்.

நான் அழவில்லை. என்னைப் பற்றி அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது, முதலில் அதைத்தான் கேட்டேன்.

"சொன்னாங்களே," என்றாள் ரீனா. "ரயில்ல ரெண்டு பேரும் உன்னைப் பத்தித்தான் பேசிட்டு வந்தாங்க. பலோமா மட்டும் பிழைச்சிருப்பான்னு ரெண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம்."

ரெண்டு பேருக்கும் என்றாள். அதைக் கேட்டபோதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.