சோத்தாங்கைப் பக்கம்

"காலுக்கு நடுவுல விடப்போறாடி! மூடு, மூடு!"

கோல் கம்பங்களுக்கு நடுவிலிருந்து சுப்ரியா தொண்டை கிழியக் கத்தினாள். முன்னால் நின்ற பூர்ணிமா சட்டென்று கால்களைச் சேர்த்தாள். பந்தோடு பாய்ந்து வந்த ஒன்பதாம் நம்பர்க்காரியோ பந்தை வெளிப்பக்கம் தட்டிவிட்டு, பூர்ணிமாவைச் சுற்றிக்கொண்டு பறந்தாள். திரும்புகிற அவசரத்தில் பூர்ணிமா காலை நீட்ட, ஒன்பதாம் நம்பர் சேற்றில் குப்புற விழுந்தாள்.

விசில்! பெனால்டி!

மைதானமே எழுந்து நின்றது. பின்னே? கல்லூரிப் பெண்கள் கால்பந்துக் கேடயத்தின் இறுதி ஆட்டம் ஆயிற்றே! தரவரிசையில் முதலிடம் டாலிகஞ்ச் கல்லூரிக்கு, இரண்டாமிடம் சுப்ரியாவின் சரோவர் கல்லூரிக்கு. போன இரண்டு வருஷமும் இதே இரண்டு அணிகள்தான் மோதின. இரண்டு தடவையும் கேடயம் டாலிகஞ்சுக்கே போயிற்று. இன்றைக்குத்தான் அதிசயமாக சரோவர் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் நிற்கிறது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் இந்த இடி.

"லேக்குல போய் மீன் பிடிங்க தீதி!" என்று டாலிகஞ்ச் கூட்டம் டோலக்கைத் தட்டி வங்காளியில் கோரஸ் பாடியது. சரோவர் என்றால் ஏரி, அதற்குத்தான் இந்தக் கேலி.

பூர்ணிமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். "சாரிடி. என்னாலதான்."

"அழறதை அப்புறமா வெச்சுக்கோ. எந்தப் பக்கம் அடிப்பா? அதைச் சொல்லு."

"ஓடி வர்ற தினுசைப் பார்த்தாத்தான் தெரியும். கத்தறேன்."

"கத்தினாப் போறாது. கரெக்டாக் கத்து!"

"போன வருஷமும் இதையேதான் சொன்னே."

"போன வருஷம் நீ தப்பாச் சொன்னேடி, மண்டூகம்!"

இருவரும் லேக் கார்டன்ஸில் ஒரே தெரு. அணியில் மற்றவர்களிடம் வங்காளி. ஆபத்து என்று வந்துவிட்டால் இருவருக்குள்ளும் தமிழ். கொல்கத்தா மைதானத்தில் இதைவிடப் பத்திரமான ரகசிய மொழி கிடைக்குமா? கோச் தபன்தா அதற்கு 'மெட்ராஸ் ரேடியோ' என்று பெயரே வைத்துவிட்டார்.

எல்லா அணிகளிடமும் பலித்த ரேடியோ, இந்த ஒன்பதாம் நம்பர் மௌவிடம் மட்டும் பலித்ததில்லை. 'இந்தப் பக்கம் வரா' என்று கத்தினால் அந்தப் பக்கம் போவாள். 'உதைக்கப் போறா' என்றால் உதைக்காமல் நிற்பாள். ராட்சசி, முகத்தைப் பார்த்தே மனசைப் படிக்கிறாள் என்று இருவரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

மௌ பந்தை வெள்ளைப் புள்ளியில் வைத்தாள். முகமெல்லாம் சேறு, நடுவில் பல் மட்டும் பளிச்.

"பயமா தீதி?" என்றாள் வங்காளியில்.

"உங்க டோலக் சத்தத்துக்குத்தான்!" என்றாள் சுப்ரியா.

பேச்சு பேச்சாக இருந்தாலும் கையுறையை இரண்டு தடவை இழுத்து மாட்டிக்கொண்டாள். இதை விட்டால் ஆட்டம் சமன். கூடுதல் நேரம் ஆடச் சரோவர் பெண்களின் காலில் உயிர் இல்லை. சுப்ரியாவுக்கு இது கடைசி வருஷம் வேறு. பேங்க் பரீட்சைக்கு அப்பா புஸ்தகமெல்லாம் வாங்கி அடுக்கியாயிற்று. கேடயத்தைத் தொட வேண்டும் என்றால் இன்றைக்குத்தான். இன்றைக்கு இல்லையென்றால் எப்போதும் இல்லை.

நடுவர் கையை உயர்த்தினார். டோலக் நின்றது. மௌ ஓடி வந்தாள்.

"சோத்தாங்கைப் பக்கம்டீ!"

பூர்ணிமாவின் கீச்சுக்குரல் மைதானத்தைக் குத்திக் கிழித்தது. சுப்ரியா யோசிக்கவே இல்லை. இடது பக்கம் பாய்ந்தாள். பந்தும் அங்கேயே வந்தது! விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் 'ணங்'கென்று மோதி, வெளியே போய் விழுந்தது.

அடுத்த விசிலுக்கு ஆட்டம் முடிந்தது. பதினொரு பெண்கள் ஒரே சேற்று மூட்டையாகப் புரண்டார்கள். தபன்தா செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலில் ஆடினார். கேடயம் கைக்கு வந்ததும் மறுபடி மூட்டை. கேடயத்தைக் கட்டிக்கொண்டு சுப்ரியா ஒருவழியாக மூட்டையிலிருந்து வெளியே வந்தபோது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரில் நின்றாள் மௌ.

"ஏன்டி, ஒனக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா?"

சுப்ரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்ட கேள்வி சுத்தமான தமிழில்!

"நீ... நீ தமிழா?"

"கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ். பேரு மகேஸ்வரி. கூட ஆடுற புள்ளைங்க வாயில நொழையல, மௌவாக்கிட்டாங்க. மூணு வருஷமா ஒங்க ரேடியோவ ஓசியிலதான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"அடிப்பாவி!"

"நீங்கதான்டி பாவிங்க! நான் ஒன் வலது பக்கம்தான் அடிக்கிறதா இருந்தேன். அவ சோத்தாங்கைன்னு கத்தவும், நீ வலது பக்கம் பாய்வேன்னு கடைசி நொடியில இடது பக்கம் மாத்தி அடிச்சேன். நீ என்னடான்னா பீச்சாங்கைப் பக்கம் வந்து விழுறே! சோத்தாங்கைன்னா வலது கைதானே?"

சுப்ரியாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கேடயத்தோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் வலது கைதான்டி," என்றாள் மூச்சு வாங்க. "பூர்ணிமா பொறந்ததிலேர்ந்து இடது கையாலதான் சாப்பிடறா!"