ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தம்பி

அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் அரை ஏக்கர் தக்காளித் தோட்டம். நடுவில் ஒரு வரப்பு. விவசாய மேம்பாட்டுத் திட்டக்காரர்கள் வந்து குலுக்கல் போட்டார்கள். பெரியவனுக்குச் சொட்டுநீர்க் குழாய், பயிற்சி, மதியச் சாப்பாடு எல்லாம் விழுந்தது. சின்னவன் ஒப்பிட்டுப் பார்க்கிற பட்டியலில் விழுந்தான். அதாவது, அவனுக்கு எதுவும் கிடையாது. திட்டம் கிடைக்காதவன் எவ்வளவு பின்தங்கியிருக்கிறான் என்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்வார்கள். நல்ல மரியாதை.

பயிற்சி வரப்போரத்துக் கொட்டகையில் நடந்தது. மெத்தை வைத்த நாற்காலி, மின்விசிறி. பெரியவன் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் குறட்டை விட்டான். சின்னவனோ வரப்பில் மண்வெட்டியை ஊன்றி நின்று, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். மூன்றாம் வருஷம் அவன் தோட்டத்தில், குடத்தில் ஊற்றிய தண்ணீருக்கே தக்காளி காய்த்துத் தள்ளியது. பெரியவன் தோட்டத்தில் குழாய் இருந்தது, களையும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கணக்கெடுப்பு வந்தது. திட்டத்தால் பலன் தெரியாவிட்டால் குழாயைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். பெரியவன் தலையைச் சொறிந்தபடி வந்து நின்றான்.

"தம்பி, ஒரே ஒரு நாளைக்கு உன் தோட்டத்தை எனக்குக் குடுடா."

சின்னவன் மண்வெட்டியைத் தரையில் குத்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் விளைச்சலை ஒருவர் மெச்சி எழுதப்போகிறார். அதையும் விட்டுக்கொடுக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அண்ணனுக்குப் பின்னால் அண்ணி நின்றாள். குழாய் வருமுன் தினமும் அறுபது குடம் சுமந்தவள். தோளைத் தேய்த்துக்கொண்டாள். சின்னவன் வாயை மூடிக்கொண்டு அண்ணனின் குழாயைச் சுருட்டித் தன் தோட்டத்தில் போடப் போனான்.

காலையில் கணக்கெடுக்க வந்த பெண் வேலைக்குப் புதிது. பெரியவனைத் தம்பியின் தக்காளிக்கு நடுவில் நிறுத்தி நாலு படம் எடுத்தாள். பிறகு களைக்காட்டில் நின்ற சின்னவனிடம் வந்தாள்.

"ஏங்க இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க?"

"உக்காந்தா தூக்கம் வந்துடுதுங்க," என்றான் சின்னவன், அண்ணனை முறைத்துக்கொண்டே.

அவளுக்கு மனசு இளகிவிட்டது. அடுத்த பருவத்தில் சின்னவனுக்கும் குழாய் வந்தது, பயிற்சியும் வந்தது. பெரியவன் தேறிவிட்டான் என்று எழுதி அவனுடைய நாற்காலியை எடுத்துவிட்டார்கள். சின்னவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் மெத்தையில் சாய்ந்தான். மூன்று வருஷம் நின்றே கேட்ட கால்களுக்கு அப்படி ஒரு சுகம். வேர் அழுகினால் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியாளர் அவனைக் கேட்டபோது, அவன் தலை நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணியக் குறைக்கணுங்க," என்று வரப்பிலிருந்து பதில் வந்தது.

சரியான பதில்தான். நாற்காலி இல்லாத பெரியவன் அங்கே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, கண்ணை அகல விழித்தபடி நின்றான்.